வெறுமையாக விடப்பட்ட கட்டம்

கச்சேரியிலாயினும் தபாற் கந்தோரிலாயினும் விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பிய எவரும் ஒரு சங்கடத்தை அறிவர். படிவத்தில் இருபது கட்டங்கள் இருக்குமாயின் அவற்றுள் நான்கைந்து தமக்குப் பொருந்தா. மணமாகாதவரிடம் மனைவியின் பெயர் கேட்கப்படும். தொலைபேசி இல்லாதவரிடம் அதன் இலக்கம் கேட்கப்படும். அவர் அக்கட்டத்தில் சிறு கோடொன்றை இழுப்பார். அல்லது 'இல்லை' என்று எழுதுவார். அல்லது ஒன்றும் எழுதாமலே விட்டுவிடுவார். பலகணிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் லிகிதர், "இது ஏன் வெறுமையாக இருக்கிறது?" என்று வினவுவார். காரணத்தைக் கேட்டதும் தலையசைத்து முத்திரையைக் குத்துவார். கோடும், 'இல்லை' என்ற சொல்லும், வெறுமையும் அவர் மனத்தில் ஒரே பொருளாகவே பதியும்.

இக்காலத்தில் அந்த லிகிதரின் இடத்திலே பெரும்பாலும் கணினி நிரலொன்று அமர்ந்திருக்கின்றது. கைத்தொலைபேசியில் ஒருவர் நிரப்பும் விபரங்கள் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள சேவையகத்தைச் சென்றடைகின்றன. அங்கே அவற்றைப் பெற்றுக்கொள்ளும் பலகணிக்கு ஏ. பி. ஐ. என்று பெயர். ஒரு நிரல் மற்றொரு நிரலோடு இன்ன முறையிலேதான் பேசவேண்டும் என்னும் உடன்படிக்கை அது. வந்த விபரங்கள் அவ்வுடன்படிக்கைக்கு அமைந்தனவா என்று வாயிலிலேயே பார்ப்பதைச் சரிபார்த்தல் என்பர். இன்ன கட்டம் கட்டாயமானது, இன்னது விருப்பமானது என்ற பாகுபாடு அங்கேதான் வகுக்கப்படுகின்றது. ஒரு கட்டத்தை விருப்பமானதாக ஆக்குவது மிக எளிய காரியமாகத் தோன்றலாம். கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிட்டாற் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏனெனில், வெறுமை என்று லிகிதர் ஒரே சொல்லால் கண்டதை இயந்திரம் பல்வேறு பொருள்களாகக் காண்கின்றது.

இணையத்தில் விபரங்கள் பெரும்பாலும் ஜேசன் என்னும் எழுத்துமுறையிற் பயணஞ்செய்கின்றன. கட்டத்தின் பெயர் ஒருபுறமும் அதன் பெறுமதி மறுபுறமுமாக எழுதப்படும் முறை அது. அம்முறையில் 'தொலைபேசி' என்னும் கட்டம் வெறுமையாக வருவதற்குக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. கட்டத்தின் பெயரே கடிதத்தில் இல்லாதிருக்கலாம். பெயர் இருந்து, பெறுமதிக்குரிய இடத்தில் 'இங்கு யாதும் இல்லை' என்னும் தனிக்குறி இடப்பட்டிருக்கலாம். அல்லது, இரண்டு மேற்கோட் குறிகளுக்கிடையே ஓர் எழுத்தும் இன்றி வெற்றுச் சரமாக வந்திருக்கலாம். இவற்றை விட எண்களுக்கெனப் பூச்சியமும் இருக்கின்றது. மழைமானி ஒன்றின் நாட்குறிப்பை எண்ணிப் பார்த்தால் இதன் வேறுபாடு விளங்கும். 'மழை 0 மில்லிமீற்றர்' என்பது ஒருவர் சென்று பார்த்து, மழை பெய்யவில்லை என்று கண்டு எழுதிய செய்தி. அன்று அளப்பவர் வராமையால் ஒன்றும் எழுதப்படாதிருப்பது முற்றிலும் வேறான செய்தி. இரண்டாவதையும் பூச்சியமென்றே பதிந்து மாதச் சராசரியைக் கணக்கிட்டால், நன்கு மழை பெய்த ஊரும் வரட்சியுற்ற ஊராகிவிடும்.

மேலே சொன்ன தனிக்குறியை ஆங்கிலச் சொல்லாலே தமிழெழுத்தில் 'நல்' என்று எழுதவேண்டிவரும். இல்லாமையைக் குறிக்கும் சொல் தமிழிலே நன்மையைக் குறிப்பதாக அமைந்துவிடுவது வேடிக்கையே. ஆதலால் அதனை இன்மைக்குறி என்று வழங்குதல் நலம். இக்குறிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1965ஆம் ஆண்டில் ரொனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர், அல்கோல் டபிள்யூ என்ற நிரல்மொழியை வகுக்கும்போது, எதனையும் சுட்டாத சுட்டு ஒன்றையும் அதிற் சேர்த்துக்கொண்டார். சேர்ப்பது மிகவும் இலகுவாயிருந்தது என்பதே அதற்குக் காரணம். 2009ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற மாநாடு ஒன்றிலே, அது தமது நூறு கோடி டொலர்த் தவறு என்று அவரே கூறினார். அக்குறியைச் சோதித்துப் பார்க்க மறந்த நிரல்கள் உலகெங்கும் நின்றுபோனதால் விளைந்த நட்டத்தைக் கருதியே அவ்வாறு கூறினார்.

தரவுத்தளங்களில் இதன் விளைவு இன்னும் நுட்பமானது. 1970இல் எட்கார் கொட் என்பவர் வகுத்த தொடர்புநிலைத் தரவு முறையின் வழிவந்த எஸ். கியூ. எல். மொழியில் உண்மை, பொய் என்னும் இரண்டோடு 'அறியப்படாதது' என்னும் மூன்றாவது முடிவும் உண்டு. 'கொழும்பில் வசிப்போரைக் காட்டுக' என்று கேட்டால், ஊர் என்ற கட்டத்தில் இன்மைக்குறி உள்ளவர் வரமாட்டார். 'கொழும்பில் வசியாதோரைக் காட்டுக' என்று கேட்டாலும் அவர் வரமாட்டார். இருவகையிலும் விடுபட்டு, பட்டியல்களுக்கு இடையிலே மறைந்துபோவார். உதவிப் பணம் வழங்குவதற்காக எடுக்கப்பட்ட பட்டியலாயின் அம்மறைவு எத்தகையது என்பதை விரிக்க வேண்டியதில்லை. ஒராக்கிள் என்னும் புகழ்பெற்ற தரவுத்தளமோ வெற்றுச் சரத்தையும் இன்மைக்குறியையும் ஒன்றாகவே கொள்ளும். ஏனையவற்றுட் பல வெவ்வேறாகக் கொள்ளும். ஓரிடத்தில் எழுதிய நிரலை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வோர் இதனால் இடர்ப்படுவதுண்டு.

இனி, அன்றாடம் நிகழும் ஒரு பிழையைப் பார்க்கலாம். பதிவுப் படிவமொன்றில் மின்னஞ்சல் முகவரி விருப்பக் கட்டமாக வைக்கப்பட்டுள்ளது. கொடுத்தால் அது முறையான முகவரியாக இருத்தல் வேண்டும்; கொடாவிட்டால் குற்றமில்லை. நிரலாளர் அவ்வாறே விதி எழுதுகின்றார். முகவரி இல்லாத முதியவர் ஒருவர் அக்கட்டத்தைத் தொடாது விட்டுப் பொத்தானை அழுத்துகின்றார். 'மின்னஞ்சல் முகவரி பிழையானது' என்று மறுமொழி வருகின்றது. நேர்ந்தது யாதெனில், உலாவியிலுள்ள படிவம், தொடப்படாத எழுத்துக் கட்டத்தை விட்டுவிட்டு அனுப்புவதில்லை. அதனை வெற்றுச் சரமாக அனுப்பிவைக்கின்றது. 'கட்டம் வாராவிட்டால் பொறுத்துக்கொள்' என்பதே விதி. கட்டமோ வந்துவிட்டது. வந்த சரத்தில் முகவரிக்குரிய அடையாளம் எதுவுமில்லை. ஆகவே விதியின்படி அது பிழையே. பி. எச். பி. மொழியில் இயங்கும் லாரவெல் என்னும் கட்டமைப்பிலே, 2017இல் வெளிவந்த பதிப்பிலிருந்து, வெற்றுச் சரங்களை வாயிலிலேயே இன்மைக்குறியாக மாற்றும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதன் பின்னர் அங்கே மற்றொரு விதி வேண்டியதாயிற்று: இக்கட்டம் இன்மைக்குறியை ஏற்கும் என்று வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். 'வந்தாற் பார்' என்பது ஒரு விதி; 'வெறுமையாக வந்தாலும் ஏற்றுக்கொள்' என்பது வேறொரு விதி. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் பலர்.

சரியடையாளம் இடும் சிறு கட்டங்களின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அடையாளம் இடப்படாத கட்டத்தை உலாவி அனுப்புவதே இல்லை. 'எனக்கு அறிவித்தல்கள் வேண்டாம்' என்று ஒருவர் வேண்டுமென்றே அடையாளத்தை நீக்கியதும், அக்கட்டம் அவருக்குக் காட்டப்படாமலே இருந்ததும், சேவையகத்தின் பார்வையில் ஒன்றுபோலவே தோன்றும்.

சொற்களாலும் மயக்கம் உண்டாகின்றது. பைதன் என்னும் நிரல்மொழியிலே 'ஒப்ஷனல்' என்றொரு குறிப்பு உண்டு. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு விருப்பமானது என்பதே பொருள். ஆனால் அம்மொழியின் இலக்கணப்படி, இப்பெறுமதி சரமாகவோ இன்மைக்குறியாகவோ இருக்கலாம் என்பதற்கு மேல் அது ஒன்றும் உரைப்பதில்லை. கட்டத்தைக் கொடாது விடலாமா என்பது பற்றி அது வாய்திறப்பதேயில்லை. பைதனில் விபரங்களைச் சரிபார்க்கப் பலரும் கையாளும் பைடாண்டிக் என்னும் நிரலகம், தன் முதலாம் பதிப்பில் இக்குறிப்பைக் கண்டால், கட்டம் வாராவிட்டாலும் பரவாயில்லை என்று தானாகவே ஊகித்துக்கொண்டது. 2023இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அவ்வூகம் கைவிடப்பட்டது. இப்பொழுது கட்டம் கட்டாயம் வருதல் வேண்டும், இன்மைக்குறியோடு வரலாம். வாராது விடவும் இடமளிப்பதாயின், வாராதபோது கொள்ளவேண்டிய பெறுமதியையும் நிரலாளர் எழுதிவைத்தல் வேண்டும். பதிப்பு மாறிய அன்று, நேற்றுவரை ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் 422 என்னும் மறுப்பிலக்கத்தோடு திரும்பி வருவதைக் கண்டு திகைத்தவர்கள் பலர். ஆயினும், மாற்றம் நியாயமானதே. வாராமை வேறு, இன்மை வேறு என்பதை மறைத்து வைத்த பழைய வசதியினால் விளைந்த தீங்கு, வெளிப்படையான மறுப்பினால் விளையும் தொல்லையிலும் பெரிது.

அத்தீங்கு முற்றாக வெளிப்படும் இடம், ஏற்கெனவே உள்ள பதிவொன்றைத் திருத்தும் இடமாகும். பாடசாலை ஒன்றின் மாணவர் இடாப்பு கணினியில் உள்ளது எனக் கொள்க. ஒவ்வொரு மாணவருக்கும் பெயர், முகவரி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், உடம்புக்கு ஒவ்வாத மருந்து என்று நான்கு கட்டங்கள். ஒரு சிறுமியின் பதிவிலே, 'பென்சிலின் ஒவ்வாது' என்று நான்காம் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அவள் குடும்பம் வேறு வீட்டுக்குக் குடிபெயர்கின்றது. லிகிதர் செயலியைத் திறந்து முகவரியை மாத்திரம் திருத்துகின்றார். செயலியும் சிக்கனமாக முகவரிக் கட்டத்தை மாத்திரம் அனுப்புகின்றது. சேவையகத்திலோ, எல்லாக் கட்டங்களும் விருப்பமானவை. வாராதவற்றுக்கு இன்மைக்குறியைக் கொள்க என்று விதி எழுதப்பட்டிருக்கின்றது. சரிபார்த்தல் நிறைவேறுகின்றது. ஒரு மறுப்பும் எழவில்லை. பின்னர், நான்கு கட்டங்களும் அப்படியே தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. புதிய முகவரி ஏறிவிட்டது. தொலைபேசி இலக்கமும் மருந்தைப் பற்றிய எச்சரிக்கையும் அழிந்துவிட்டன. 'திருத்தம் வெற்றிகரமாகப் பதியப்பட்டது' என்று திரையிலே செய்தி தோன்றுகின்றது. எச்சரிக்கையைத் தேடி எவரேனும் அப்பதிவைத் திறக்கும் நாள் வரும்வரை இதனை ஒருவரும் அறியமாட்டார்.

இவ்விடரை இணையத்தின் விதிகளை வகுத்தோர் அறியாதிருக்கவில்லை. ஒரு பதிவை முழுமையாக மாற்றி வைப்பதற்கு 'புட்' என்ற கட்டளை முன்பே இருந்தது. ஒரு பகுதியை மாத்திரம் திருத்துவதற்கு 'பாட்ச்' என்ற கட்டளை 2010இல் தனி விதியாக வெளியிடப்பட்டது. ஜேசன் முறையில் அத்திருத்தத்தை எவ்வாறு எழுதுவது என்பதற்கு 2014இல் வெளிவந்த விதியொன்று தெளிவான ஒழுங்கைக் கூறுகின்றது: கடிதத்தில் வாராத கட்டத்தைத் தொடாதே, இன்மைக்குறியோடு வந்த கட்டத்தை நீக்கிவிடு, பெறுமதியோடு வந்ததை மாற்றி எழுது. மிகவும் எளிய விதி இது. ஆனால் இதனைக் கைக்கொள்ள வேண்டுமாயின், எக்கட்டம் வந்தது, எது வரவில்லை என்பதைச் சேவையகம் மறவாதிருத்தல் அவசியம். வாராததையெல்லாம் இன்மைக்குறியால் நிரப்பிய மறுகணமே அந்த அறிவு தொலைந்துவிடும். பைடாண்டிக், அனுப்புநர் உண்மையாகவே அனுப்பிய கட்டங்கள் எவை என்பதைத் தனியே குறித்துவைத்துக்கொள்கின்றது. கேட்டால், அவற்றை மாத்திரம் எடுத்துத் தரும். அப்பட்டியலிலுள்ள கட்டங்களை மட்டும் தரவுத்தளத்தில் எழுதியிருந்தால், அச்சிறுமியின் நான்காம் கட்டம் இருந்தபடியே இருந்திருக்கும். அனுப்பும் பக்கத்திலும் கவனம் வேண்டும். உலாவிகளின் மொழியாகிய ஜாவாஸ்கிரிப்டில், வரையறுக்கப்படாதது என்றும் இன்மை என்றும் இருவேறு பெறுமதிகள் உண்டு. ஜேசனாக எழுதும்போது முன்னையது கட்டத்தின் பெயரோடு மறைந்துவிடும். பின்னையது இன்மைக்குறியாகவே செல்லும். எனவே, அழிக்கவேண்டிய இலக்கத்தை அழிக்க இயலாமலும், அழிக்கலாகாததை அழித்தும் போவது அனுப்புநர் கையிலும் இருக்கின்றது.

இவ்வளவு தொல்லை ஏன்? எல்லாக் கட்டங்களையும் கட்டாயமாக்கிவிட்டால் என்ன? என்று சிலர் நினைக்கலாம். கட்டாயத்தினால் வரும் தீமை வேறு வகையானது. அது மனிதரைப் பொய் எழுத வைக்கும். ஹொங்கொங்கிலே தபாற் குறியீட்டெண் என்பதே இல்லை. அக்கட்டத்தைக் கட்டாயமாக்கிய படிவத்தில் அங்குள்ளவர் பூச்சியங்களைத்தான் எழுதவேண்டும். அயர்லாந்தில் 2015 வரை நாடு முழுமைக்குமான அத்தகைய எண் இருக்கவில்லை. தமிழர்க்கு இத்துன்பம் புதிதன்று. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டு தம் பெயர் ஒன்றையே உடையவர்கள், குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் மேனாட்டுப் படிவங்களில் தந்தையின் பெயரை எழுதிவிடுகின்றனர். அதன்பின் அந்நாட்டு மருத்துவமனையிலும் வங்கியிலும் மகனைத் தந்தையின் பெயர் சொல்லியே அழைப்பர். கடவுச்சீட்டில் ஒரே பெயருடையோருக்கு அமெரிக்க விசாவில், முதற்பெயர் அறியப்படவில்லை என்பதைச் சுட்டும் எஃப். என். யூ. என்னும் மூன்றெழுத்து இடப்படுவதுண்டு. அதனையே அவர்தம் பெயரெனக் கருதி வேறு பத்திரங்களிலும் எழுதிவிடுவோர் உளர். பிறந்த நாள் பதியப்படாத தேசங்களிலிருந்து அகதிகளாகச் சென்ற பலருக்கு ஜனவரி முதலாந் திகதியே பிறந்த நாளாக வாய்த்திருப்பதும் இதே காரணத்தாலாகும். இவ்வகையில் கடவுச்சீட்டுகளுக்கான சர்வதேச விதிகள் பாராட்டத்தக்கவை. பிறந்த ஆண்டு தெரிந்து மாதமும் நாளும் தெரியாதவருக்கு, இயந்திரம் வாசிக்கும் வரியில் அவ்விரு இடங்களிலும் நிரப்புக்குறி இட அவை இடந்தருகின்றன.

இல்லாததற்குப் பூச்சியத்தை இட்டதால் பிறந்த தீவு ஒன்றும் உண்டு. அகலக்கோடு பூச்சியமும் நெடுங்கோடு பூச்சியமும் சந்திக்கும் இடம் ஆபிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவிலுள்ள வெறுங்கடலாகும். இருப்பிடம் தெரியாத பதிவுகளுக்குப் பூச்சியங்களை இடும் நிரல்களின் தயவால், எத்தனையோ வீடுகளும் கடைகளும் வரைபடத்தில் அக்கடலின் நடுவே குவிந்து கிடக்கின்றன. வரைபட வல்லுநர்கள் அதற்கு இன்மைத் தீவு என்று பெயரிட்டுள்ளனர். கலிபோர்னியாவில் ஒருவர் இன்மைக்குறியின் ஆங்கிலச் சொல்லையே தமது மோட்டார் வாகனத்தின் இலக்கத் தகடாகப் பெற்ற கதை 2019இல் வெளியாயிற்று. வாகன இலக்கம் எழுதப்படாத தண்டப் பத்திரங்களெல்லாம் அவர் பெயரில் வந்து குவிந்தன. தொகை 12,000 டொலருக்கு மேலாயிற்று. எழுதப்படாமை என்னும் நிலையைச் சாதாரணச் சொல்லொன்றால் குறித்துவைத்ததன் பலன் அது.

கட்டாயத்தை ஒருமுறை விதித்துவிட்டால் அதனை நீக்குவதும் எளிதன்று. கூகிள் நிறுவனம் தன் நிரல்களிடையே செய்தி அனுப்புவதற்கு வகுத்து, 2008இல் வெளியிட்ட புரொட்டோகோல் பஃபர்ஸ் என்னும் முறையில், கட்டங்களைக் கட்டாயமென்று குறிக்க வழியிருந்தது. பழைய நிரலொன்று கட்டாயமென்று எதிர்பார்க்கும் கட்டத்தைப் புதிய நிரல் அனுப்பாது விட்டால், செய்தி முழுவதுமே நிராகரிக்கப்படும். ஆயிரக்கணக்கான நிரல்களை ஒரே நாளில் மாற்றுவது இயலாத காரியம். ஆதலால் 2016இல் வெளிவந்த மூன்றாம் வடிவத்தில் கட்டாயம் என்பதையே நீக்கிவிட்டனர். அப்போது மறுகோடிக்கும் சென்றுவிட்டனர்: எண் கட்டமொன்றில் பூச்சியம் அனுப்பப்பட்டதா, ஒன்றுமே அனுப்பப்படவில்லையா என்பதைப் பிரித்தறிய இயலாமற் போயிற்று. மழைமானியின் கதைதான். விருப்பம் என்ற குறிப்பு 2021இல் மீண்டும் முழு உரிமையோடு அம்முறையிற் சேர்க்கப்பட்டது.

ஆகவே, ஒரு கட்டத்தை விருப்பமாக்கும் நிரலாளர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றன்று. இக்கட்டம் வாராதிருக்கலாமா? வந்து இன்மைக்குறியோடு இருக்கலாமா? வெற்றுச் சரத்தை எவ்வாறு கொள்வது? வாராதபோது பழையதைக் காப்பதா, புதிதாக ஒன்றை இடுவதா? புதிய பதிவுக்கும் திருத்தத்துக்கும் ஒரே விதி பொருந்துமா? இவற்றுள் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதே விடை. புதிய மாணவரைச் சேர்க்கும்போது பெயர் கட்டாயம். முகவரியைத் திருத்தும்போது பெயரை மறுபடி கேட்பது வீண். அனுபவமுள்ளோர் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் படிவம் வகுப்பர். ஒரு கட்டத்தின் விடையைப் பொறுத்து மற்றொன்று கட்டாயமாவதும் உண்டு. மாணவர் விடுதியில் தங்குகிறார் என்று எழுதினால் பாதுகாவலரின் தொலைபேசி இலக்கம் வேண்டும். வீட்டிலிருந்து வருபவராயின் வேண்டியதில்லை. இத்தகைய விதியைத் தனித்தனிக் கட்டங்களின்மேல் எழுத முடியாது. படிவம் முழுவதையும் ஒருசேரப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மறுக்கும்போது, எந்தக் கட்டம், ஏன் மறுக்கப்பட்டது என்பதையும் சேவையகம் சொல்லியனுப்புதல் வேண்டும். 'விபரங்கள் பிழையானவை' என்று மாத்திரம் திரையிற் கண்டவர், தமது இருபது கட்டங்களுள் எதனைத் திருத்துவது என்று அறியாது, கேட்பதற்கு லிகிதரும் இல்லாமல், பொத்தானையே மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருப்பார்.